'லைக்லி'ன்னா வருமா, வராதா? போனில் வரும் எதிர்பார்ப்புச் சொற்களைப் படிப்பது எப்படி

வடகிழக்குப் பருவமழைக் காலம். காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ உங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். போனில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுகிறது. "ஹெவி டு வெரி ஹெவி ரெயின்ஃபால் வெரி லைக்லி அட் ஐசொலேட்டட் பிளேசஸ் ஓவர் சென்னை அண்ட் திருவள்ளூர்."

"இன்னாப்பா போட்டிருக்கான்? வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லு" என்று அம்மா கேட்கிறார். நீங்களும் "வரும்னு போட்டிருக்கும்மா" என்று சொல்லிவிடுகிறீர்கள். மறுநாள் உங்கள் தெருவில் தூறலோடு நின்றுபோனால், "சும்மா பயமுறுத்துறாங்க" என்று முடிவாகிவிடுகிறது. அடுத்த முறை செய்தி வரும்போது யாரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் செய்தி "வரும்" என்றும் சொல்லவில்லை, "வராது" என்றும் சொல்லவில்லை. எவ்வளவு மழை, எத்தனை இடத்தில், எந்த அளவு வாய்ப்பு என்று மூன்று விஷயங்களைத் தனித்தனியாகச் சொன்னது. 'லைக்லி', 'எக்ஸ்பெக்டட்', 'வாட்ச்', 'அலர்ட்' போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு அரசுத் துறைகளின் அறிவிப்புகளில் அளவு உண்டு. அந்த அளவு தெரிந்தால் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வராது.

கூண்டு சொன்ன பாடம்

இந்த மொழி வடசென்னைக்குப் புதிதல்ல. "துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்ற செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பகலில் உருளை, கூம்பு வடிவங்களையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் கம்பத்தில் ஏற்றிக் காட்டும் முறை அது. மொத்தம் 11 எண்கள்.

எண் 1 என்றால், தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது பாதிப்பில்லை என்று பொருள். எண் 2, தொலைவில் புயல் உருவாகியிருக்கிறது, துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல்களுக்கு ஆபத்து என்கிறது. எண் 3, பலத்த காற்றோடு கூடிய வானிலையால் துறைமுகத்துக்கே அச்சுறுத்தல் என்கிறது. எண் 4, புயல் பின்னர் துறைமுகத்தைத் தாக்க வாய்ப்புண்டு என்கிறது. 5, 6, 7 மூன்றும் அபாயம். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைப் பொறுத்து எண் மாறும். 8, 9, 10 பெரும் அபாயம். எண் 11 ஏறினால், புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

1-ஆம் எண்ணைப் பார்த்து யாரும் வீட்டைக் காலி செய்ததில்லை. 7-ஐப் பார்த்து யாரும் கடலுக்குப் போனதும் இல்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு செயல் என்று மனதில் பதிந்திருந்தது. போனில் வரும் ஆங்கிலச் சொற்களும் அதே மாதிரியான படிகள்தான்.

'லைக்லி'க்கு ஒரு கணக்கு உண்டு

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கைகளில் வாய்ப்பைக் குறிக்க நான்கு சொற்கள் இருக்கின்றன. 'அன்லைக்லி' என்றால் வாய்ப்பு 25 சதவீதத்துக்கும் குறைவு. 'லைக்லி' என்றால் 25 முதல் 50 சதவீதம். 'வெரி லைக்லி' என்றால் 50 முதல் 75 சதவீதம். 'மோஸ்ட் லைக்லி' என்றால் 75 சதவீதத்துக்கு மேல்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பேச்சு ஆங்கிலத்தில் 'லைக்லி' என்றால் "அநேகமா நடக்கும்" என்று எடுத்துக்கொள்வோம். வானிலை அறிக்கையில் அது பாதிக்கும் குறைவான வாய்ப்பு. நான்கு நாள் 'லைக்லி' என்று எழுதினால் அதில் ஒரு நாளோ இரண்டு நாளோ மழை பெய்தாலே கணிப்பு சரி. மற்ற நாட்களில் பெய்யாதது கணிப்பின் தவறு அல்ல.

அப்படியானால் 30 சதவீத வாய்ப்புக்கு என்ன செய்வது? அது உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. துணி காயப்போட்டவருக்கு 30 சதவீதம் பெரிய விஷயமில்லை, நனைந்தால் மறுபடி காயும். கருவாடு காயப்போட்டவருக்கு அது ஒரு வார உழைப்பு. தரைத்தள வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவரைக் கவனித்துக்கொள்பவருக்கு அதே 30 சதவீதம் மிக அதிகம். வாய்ப்பின் அளவை அறிக்கை சொல்லும். இழப்பின் அளவு உங்களுக்குத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

அடுத்தது இடம். 'ஐசொலேட்டட்' என்றால் ஓரிரு இடங்களில். அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மட்டும். 'வைட்ஸ்பிரெட்' என்றால் பெரும்பாலான இடங்களில், அதாவது முக்கால் பங்குக்கு மேல். ராயபுரத்தில் வெயில் அடிக்க மணலியில் தண்ணீர் நிற்பது 'ஐசொலேட்டட்' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

மூன்றாவது அளவு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் 'ஹெவி', கனமழை. 12 முதல் 20 வரை 'வெரி ஹெவி', மிக கனமழை. 21-ம் அதற்கு மேலும் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி', அதி கனமழை.

வாட்ச், அலர்ட், வார்னிங்: எது பெரியது?

தமிழில் எல்லாவற்றையும் 'எச்சரிக்கை' என்று மொழிபெயர்த்துவிடுவதால் படி வித்தியாசம் மறைந்துபோகிறது. வானிலைத் துறையின் நிறப் பட்டியலில் மஞ்சள் என்பது 'வாட்ச்': கவனித்துக்கொண்டே இருங்கள், செய்திகளைப் பாருங்கள். ஆரஞ்சு என்பது 'அலர்ட்': தயாராகுங்கள். சிவப்பு என்பது 'வார்னிங்': செயலில் இறங்குங்கள். 'ரெட் அலர்ட்' என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும், துறையின் வரிசையில் 'அலர்ட்'டைவிட 'வார்னிங்'தான் ஒரு படி மேல்.

புயல் வரும்போது இதே சொற்களுக்கு நேரக் கணக்கும் சேர்கிறது. கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்பு வருவது 'ப்ரீ சைக்ளோன் வாட்ச்'. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பு 'சைக்ளோன் அலர்ட்'. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு 'சைக்ளோன் வார்னிங்'. கரையைக் கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரத்துக்கு முன்பு 'போஸ்ட் லேண்ட்ஃபால் அவுட்லுக்'. கரையைக் கடந்த பிறகு உள்பகுதிகளில் என்ன எதிர்பார்க்கலாம் என்று இந்தக் கடைசி அறிக்கை சொல்லும்.

எனவே 'வாட்ச்' வரும்போது போன், பவர் பேங்க், மாத்திரை, ஆவணங்களைச் சரிபாருங்கள். 'அலர்ட்' வரும்போது தண்ணீர் பிடித்து வையுங்கள், வண்டியை மேடான இடத்துக்கு மாற்றுங்கள், பெரியவர்கள் எங்கே தங்குவது என்று பேசி முடிவு செய்யுங்கள். 'வார்னிங்' வந்த பிறகு யோசிக்க வேண்டாம். அதிகாரிகள் சொல்லும் இடத்துக்குக் கிளம்புவதுதான் வேலை.

மீனவர்களுக்கு வரும் செய்தியில் 'அட்வைஸ்டு நாட் டு வென்ச்சர்' என்று இருக்கும். கேட்க அறிவுரை போலத் தோன்றும். அதைக் 'கடலுக்குப் போகாதீர்கள்' என்றே படியுங்கள். 'கஸ்டிங் டு' என்ற சொல்லையும் கவனியுங்கள். 'காற்று 45 முதல் 55, கஸ்டிங் டு 65' என்றால், சராசரி வேகம் 55 வரை இருந்தாலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்து அடிக்கும் என்று பொருள். படகைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த இடையில் வரும் அடிதான்.

'எக்ஸ்பெக்டட்' மாறும், மாறத்தான் செய்யும்

'எக்ஸ்பெக்டட்' என்றால் இந்த நிமிடம் கையில் இருக்கும் தகவலை வைத்து எதிர்பார்க்கிறோம் என்று பொருள். தகவல் மாறினால் எதிர்பார்ப்பும் மாறும்.

2024 நவம்பர் கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். வங்கக் கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக மாறாமலே கரையைக் கடக்கலாம் என்று ஒரு கட்டத்தில் கணிப்பு வந்தது. நவம்பர் 29-ஆம் தேதி அது ஃபெஞ்சல் புயலாக வலுப்பெற்றது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. முதல் நாள் செய்தியை மட்டும் படித்தவர் "புயல் இல்லையாம்" என்று இருந்திருப்பார். மறுநாளும் படித்தவர் தயாராக இருந்திருப்பார்.

அதற்கு முந்தைய மாதம் நேர் எதிராக நடந்தது. 2024 அக்டோபர் 16-ஆம் தேதிக்குச் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அன்று நகரில் எதிர்பார்த்த அளவு மழை பெய்யவில்லை. கேலியும் கிளம்பியது. ஆனால் காரை மேலே நிறுத்தியவர் எதை இழந்தார்? ஒருநாள் அலைச்சல். 2015-இலும் 2023-இலும் காரைக் கீழே விட்டவர்கள் இழந்தது அதைவிடப் பெரிது.

ஆகவே ஒவ்வொரு செய்தியிலும் தேதி, நேரம் பாருங்கள். 'நவ்காஸ்ட்' என்று இருந்தால் அது அடுத்த 3 மணி நேரத்துக்கு மட்டும். காலையில் வந்த நவ்காஸ்ட்டை மாலையில் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது செய்தியே அல்ல, வதந்தி. 'ஃபோர்காஸ்ட்' என்பது வரும் சில நாட்களுக்கான கணிப்பு. 'அவுட்லுக்' என்பது அதைவிடப் பொதுவான முன்னோட்டம்.

'லேண்ட்ஃபால்' வேறு ஊரில் என்றால் நமக்கு இல்லையா?

இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் விலை அதிகம். 'லேண்ட்ஃபால்' என்பது புயலின் மையம் கரையைத் தொடும் இடம் மட்டுமே. மழை விழும் இடம் அல்ல.

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5-ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அது இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால் டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தபடி அது கொட்டிய மழையில் வடசென்னை மூழ்கியது. மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, வீடுகளிலும் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. "புயல் ஆந்திராவுக்குப் போகுது" என்ற ஒரு வரியை நம்பி இருந்தவர்களுக்கு அது கசப்பான பாடம்.

வர்தா புயலில் வேறொரு பாடம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி பிற்பகல் அது சென்னை அருகிலேயே கரையைக் கடந்தது. புயலின் 'ஐ', அதாவது கண் பகுதி, ஓர் இடத்தைக் கடக்கும்போது காற்று அடங்கிவிட்டது போல இருக்கும். பிறகு எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும். முழுவதும் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு வரும்வரை வெளியே வராதீர்கள்.

'இன் ஆன்டிசிபேஷன் ஆஃப்': வானம் வெளுத்த பிறகும் படியுங்கள்

'எக்ஸ்பெக்ட்' என்பது எதிர்பார்ப்பது. 'ஆன்டிசிபேட்' என்பது எதிர்பார்த்து முன்கூட்டியே ஒரு வேலையைச் செய்வது. அணைகள் பற்றிய அறிவிப்பில் இந்தச் சொல் வரும். நீர்வரத்தை எதிர்பார்த்து உபரிநீரை முன்கூட்டியே திறக்கிறோம் என்பதே அதன் பொருள்.

நமக்கு இது நேரடியாகப் பொருந்தும். பூண்டி ஏரியிலிருந்து திறக்கும் உபரிநீர் கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூரில்தான் கடலில் சேர்கிறது. புழல் ஏரியின் உபரிநீர் மணலி, சடையங்குப்பம் பக்கமாக வருகிறது. உங்கள் தெருவில் மழை நின்று வெயில் அடித்தாலும், மேலே திறந்த தண்ணீர் பிறகு வந்து சேரலாம். 'லைக்லி டு பி இன்க்ரீஸ்டு இன் ஸ்டேஜஸ்' என்று இருந்தால், இப்போது சொல்லும் கன அடி கடைசி அளவு அல்ல, படிப்படியாகக் கூட்டுவார்கள் என்று பொருள். கரையோரத்தில் இருப்பவர்கள் முதல் அறிவிப்பிலேயே தயாராக வேண்டும்.

சொல்லாமல் வருவதும் உண்டு

எல்லா ஆபத்துக்கும் முன்கணிப்பு இல்லை. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறலோடு தூக்கத்திலிருந்து எழுந்து வெளியேறினார்கள். தொழிற்சாலைக் கசிவுக்கு 'லைக்லி' என்று முதல் நாளே செய்தி வராது.

கார நெடி வந்தால் போனைத் தேட வேண்டாம். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக, நெடி குறையும் பக்கம் நகருங்கள். கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு 112 அல்லது 108-ஐ அழையுங்கள். உங்கள் பகுதியில் 'மாக் டிரில்' என்று அறிவித்தால் அதில் கலந்துகொள்ளுங்கள். அது ஒத்திகை. எந்த வழியாக வெளியேறுவது என்று பகலில் தெரிந்துவைத்தால்தான் இரவில் கால் தானாகப் போகும்.

விண்ணப்ப நிலையிலும் இதே சொற்கள்

மழை மட்டுமா? சான்றிதழ், மின்சாரம், ரயில் என்று எல்லாச் செய்தியிலும் எதிர்பார்ப்புச் சொற்கள் இருக்கின்றன.

டென்டேட்டிவ்: தற்காலிகத் தேதி. மாறலாம். இதை நம்பி விடுப்பு எடுக்காதீர்கள், உறுதியான தேதிக்குக் காத்திருங்கள்.

ஷெட்யூல்டு: திட்டமிட்ட நேரம். ரயில் செயலியில் கும்மிடிப்பூண்டி வண்டி 'ஷெட்யூல்டு' 6.10, 'எக்ஸ்பெக்டட்' 6.25 என்று இருந்தால், நடைமேடைக்குப் போக இரண்டாவது நேரத்தைப் பாருங்கள்.

எஸ்டிமேட்டட்: உத்தேசம். மின்தடை சரியாக 'எஸ்டிமேட்டட்' 2 மணி நேரம் என்றால், அது உறுதிமொழி அல்ல. வீட்டில் மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி இருந்தால் மாற்று ஏற்பாட்டை உடனே செய்யுங்கள்.

பெண்டிங், அண்டர் ப்ராசஸ்: முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. நிராகரிப்பு அல்ல. புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடத் தேவையில்லை.

ரிட்டர்ன்டு: திருப்பி அனுப்பப்பட்டது. இனி காத்திருக்க வேண்டியது நீங்கள் அல்ல, அலுவலகம்தான் உங்களுக்காகக் காத்திருக்கிறது. காரணத்தைப் படித்து, கேட்ட ஆவணத்தைச் சேர்த்து அனுப்புங்கள்.

சப்ஜெக்ட் டு வெரிஃபிகேஷன்: சரிபார்ப்பு முடிந்தால்தான். 'கிடைத்துவிட்டது' என்று நினைத்துப் பணம் கடன் வாங்கிவிடாதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

போனில் செட்டிங்ஸ் பகுதிக்குப் போய் 'எமர்ஜென்சி அலர்ட்' என்று தேடுங்கள். அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். 2023-இல் போன்கள் ஒரே நேரத்தில் அலறிய சோதனைச் செய்தி நினைவிருக்கும். பலர் எரிச்சலில் அப்போதே அணைத்துவிட்டார்கள்.

மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'டிஎன் அலர்ட்' செயலியையும் தேசிய ஆணையத்தின் 'சசேத்' செயலியையும் பதிவிறக்குங்கள். தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்களைச் சேமியுங்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு மையம் 1070, மாவட்டம் 1077, சென்னை மாநகராட்சி 1913, மின்னகம் 94987 94987, கடலோரப் பாதுகாப்பு 1093, கடலோரக் காவல்படை 1554, முதல்வரின் முகவரி 1100.

கடைசியாக, முதலில் வந்த செய்தியை மறுபடி படியுங்கள். "சென்னை, திருவள்ளூரில் ஓரிரு இடங்களில் 7 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை பெய்ய, பாதிக்கு மேல் முக்கால் வரை வாய்ப்பு." அம்மா ஒரே வார்த்தையில் கேட்டால், "வருமா வராதான்னு அவங்க சொல்லலம்மா. நம்ம தெருவாகவும் இருக்கலாம், மாத்திரை டப்பாவை மேல எடுத்து வைப்போம்" என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் இருந்தால் அவருக்கும் இப்படியே சொல்லுங்கள். செய்தியை அப்படியே ஃபார்வர்டு செய்வதைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.